பழைய தொலைக்காட்சிப் பெட்டியும் நாமும்
(செவிலிமேட்டில் நிகழ்த்திய சொற்பொழிவு)



2006ஆம் ஆண்டு முதல் 2011 வரை அரசினர் இலவசமாக வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளுள் சில இன்றும் நம் இல்லங்களில் உள்ளன. படம் தோன்றாவிடில் பலரும் உடனே திருப்புளியைத் தேடுகின்றனர். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

முதற்கண், மூடியைத் திறவாமலே ஆராயுங்கள். பெட்டியின் சிறு விளக்கு எரியவில்லையெனில், அதே பிளக்கில் வேறொரு விளக்கைப் பொருத்தி மின்சாரம் வருகிறதா எனப் பாருங்கள். விளக்கு எரிந்தும் இயங்காவிடில் ரிமோட்டின் பாட்டரியை மாற்றுங்கள். திரை வெறும் நீலமாக இருந்தால், ஏ.வி. நிலைக்கு மாற்றி, செட்டாப் பாக்ஸின் மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கம்பிகளை அந்தந்த நிறத் துளையில் நன்கு செருகுங்கள். மூலையில் நிறம் திரிந்தால், அருகிலுள்ள ஒலிபெருக்கியை அப்புறப்படுத்தி, அரைமணி நேரம் பெட்டியை நிறுத்திப் பின் இயக்குங்கள்.

இதற்கு மேல் வீட்டில் செய்யலாகாது. படக்குழாயில் ஏறத்தாழ 20,000 வோல்ட் மின்னழுத்தம் உண்டு. ஏற்றம் நின்ற பின்னும் தொட்டியில் நீர் நிற்பதுபோல, பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். தொட்டால் உயிருக்கே கேடு. தீய்ந்த நாற்றமோ வெடிப்பொலியோ எழுந்தால், மின்சாரத்தை நிறுத்தித் தேர்ந்த தொழிலாளியை அழையுங்கள்.

உள்ளாட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பயனற்ற பெட்டிகளைப் பாலாற்றிலோ ஏரிக்கரையிலோ எறியவிடாதீர்கள். படக்குழாயின் கண்ணாடியில் ஈயம் உள்ளது. அவற்றை ஓரிடத்தில் திரட்டி, மின்னணுக் கழிவை ஏற்க அனுமதி பெற்றோரிடம் ஒப்படையுங்கள். பெட்டி போனால் வேறு வாங்கலாம். உயிரும் நீரும் அவ்வாறல்ல.