127-ஆம் அடுக்கு

இன்றைய பொழிவு முழுவதும் ஒரே ஓர் எண்ணைப் பற்றியது.

2-இன் 127-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் 170,141,183,460,469,231,731,687,303,715,884,105,727 வரும், 39 இலக்கம். இது பகா எண் என்று 1876-இல் நிறுவியவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் எடுவார் லூகாஸ். அதன்பின் 75 ஆண்டுகள், 1951 வரை, மனிதர் அறிந்த மிகப் பெரிய பகா எண் இதுவே. மாரின் மெர்சென் என்ற துறவி இப்படிப் பகா எண் தரும் அடுக்குகளின் பட்டியலில் 127-ஐ 1644-இலேயே சேர்த்திருந்தார். ஆனால் அவர் நிறுவல் எதுவும் தரவில்லை. அதே பட்டியலில் இருந்த 67-உம் 257-உம் பின்னாளில் பொய்த்துப்போயின.

காரணி தேடிப் பார்த்தால் என்ன? இந்த எண்ணுக்குக் காரணி இருந்தால், அது 254-இன் மடங்கோடு 1 கூட்டியதாகவே இருக்க வேண்டும். அத்தகைய எண்களை மட்டும் எடுத்து, நொடிக்கு ஒன்றாக வகுத்து வந்தாலும் 160 கோடி ஆண்டுகள் பிடிக்கும்.

லூகாஸ் காரணியைத் தேடவே இல்லை. அவர் வழியைச் சிறிய எண்ணில் செய்து பார்ப்போம். 2-இன் 7-ஆம் அடுக்கில் 1 குறைந்தால் 127. முதலில் 3-ஐ எழுதுங்கள். அதை வர்க்கப்படுத்தி 2-ஐக் கழியுங்கள். விடை 127-ஐத் தாண்டினால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப இதையே செய்தால் 3, 7, 47, 48, 16 என்று வரும். 16-இன் வர்க்கம் 256. 2 போக 254. அது 127-இன் இரு மடங்கு, மீதி 0. ஐந்தாம் அடியில் 0 வந்தால் 127 பகா எண். வராவிட்டால் பகு எண். அந்த 39 இலக்க எண்ணுக்கும் இதே விதிதான், அடிகள் மட்டும் 125. இரும முறையில் எழுதினால் வகுத்தலே வேண்டியதில்லை: 127 இடங்களைத் தாண்டி வழியும் இலக்கங்களை வெட்டி, வலக்கோடியிலிருந்து கூட்டிவிட்டால் போதும். இதைச் சதுரங்கப் பலகையில் காய் நகர்த்துவதுபோலச் செய்யலாம் என்று லூகாஸ் விளக்கினார்.

என் மனம் மிகவும் தோய்ந்த இடம் இது. ஓர் எண்ணின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே, அது உடையுமா உடையாதா என்று சொல்லிவிட முடிகிறது! 67-ஆம் அடுக்கு பகா எண் தராது என்று லூகாஸ் அதே 1876-இல் அறிவித்தார்; அதன் காரணிகள் 193707721, 761838257287 என்று பிராங்க் நெல்சன் கோல் காட்டியது 1903-இல்தான்.

டெரிக் ஹென்றி லெமர் பின்னர் இச்சோதனையைச் செம்மைப்படுத்தினார். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட, 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட பகா எண்ணை உறுதிசெய்ததும் இதே சோதனைதான்.

ஆயினும் ஒரு கேள்வி மிச்சம். 2-இன் அடுக்காக 2-ஐ வைத்து 1-ஐக் கழித்தால் 3, 3-ஐ வைத்தால் 7, 7-ஐ வைத்தால் 127, 127-ஐ வைத்தால் நம் எண். நான்கும் பகா எண்கள். நம் எண்ணையே அடுக்காக வைத்தால்? லூகாஸின் சோதனை இங்கே கைகொடுக்காது, ஏனெனில் அடிகளின் எண்ணிக்கையே 39 இலக்கம். சிறிய காரணி ஏதேனும் தட்டுப்படுகிறதா என்று தேடுவதுதான் இப்போதைக்கு வழி. இதுவரை ஒன்றும் தட்டுப்படவில்லை.