வாத்தியங்களுக்கு எண் கொடுத்த வித்வான்

(கிளையின் இசை விழாவை ஒட்டி நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இசை விழா சமயமாதலால் ஒரு சங்கீத வித்வானைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். எனக்குப் பாடவும் தெரியாது, வாசிக்கவும் தெரியாது. படித்தது பி.எஸ்ஸி. பௌதிகம். உத்தியோகம் பார்த்தது சர்க்காரில், அதிலும் பெரும்பகுதி ஃபைல்களுக்கு நடுவில். ஆகவே பௌதிகமும் ஃபைலும் சங்கீதமும் ஒன்றாகச் சேருகிற ஒருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அவர் பெயர் குர்ட் ஸாக்ஸ். ஜெர்மானியர். கச்சேரி மேடையில் பெயர் வாங்கியவர் அல்லர். ஆனால் உலகத்தில் எந்த வாத்திய அருங்காட்சியகத்துக்குப் போனாலும் அவர் கைவண்ணத்தைப் பார்க்கலாம்.

முதலில் ஒரு சின்னக் கேள்வி. பியானோ எந்த ஜாதி வாத்தியம்? உள்ளே தந்தி இருக்கிறது. ஆனால் சுத்தியலால் தட்டித்தான் ஒலி வருகிறது. ஐரோப்பாவில் வழக்கமாக வாத்தியங்களைத் தந்தி வாத்தியம், ஊதும் வாத்தியம், தட்டும் வாத்தியம் என்று மூன்றாகப் பிரிப்பார்கள். முதலாவது எதனால் செய்தது என்பதைச் சொல்கிறது. மற்ற இரண்டும் எப்படி வாசிப்பது என்பதைச் சொல்கின்றன. ஒரு ரிஜிஸ்டரில் பாதிப் பேரை ஊர்ப்படியும் மீதிப் பேரை வயதுப்படியும் எழுதினால் எப்படி இருக்கும்? அந்தக் குழப்பம்தான் இது. இதைச் சரி செய்தவர்களில் ஒருவர் ஸாக்ஸ்.

அவர் 1881 ஜூன் 29 அன்று பெர்லினில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே பியானோவும் இசை இலக்கணமும் கற்றுக்கொண்டார். ஆனால் பெர்லின் பல்கலைக்கழகத்தில் 1904-ல் அவர் டாக்டர் பட்டம் வாங்கியது இசையில் அல்ல, கலை வரலாற்றில். இத்தாலிய சிற்பி வெரோக்கியோவின் சிற்பங்களைப் பற்றிய ஆராய்ச்சி அது. சில வருஷம் கலை விமரிசனம் எழுதினார். பிறகுதான் மனசு சங்கீதத்தின் பக்கம் முழுக்கத் திரும்பியது. ஒரு பொருளைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, அதன் வயதையும் வம்சத்தையும் சொல்கிற பழக்கம் சிற்ப ஆராய்ச்சியில் வந்தது. அதே பழக்கத்தை வாத்தியங்களிடம் கொண்டுபோனார். 1913-ல் உலக வாத்தியங்களுக்கெல்லாம் ஒரு பெரிய அகராதி வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 32.

அடுத்த வருஷம், 1914-ல், அவருடைய பெயரை நிலைநிறுத்திய காரியம் நடந்தது. இதில் அவருக்குக் கூட்டாளி எரிக் வான் ஹார்ன்போஸ்டல். இவர் வியன்னாக்காரர். தாயார் பாடகி. பிள்ளை படித்ததோ ரசாயனம். வியன்னாவில் 1900-ல் ரசாயனத்தில் டாக்டர் பட்டம்! பிறகு பெர்லின் வந்து, கார்ல் ஸ்டும்ப் என்ற மனோதத்துவப் பேராசிரியரிடம் சேர்ந்தார். ஸ்டும்ப் 1900-ல் பெர்லினுக்கு வந்த சயாம் நாட்டு வாத்தியக் குழுவை மெழுகு உருளைகளில் பதிவு செய்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் பெர்லின் ஒலிப்பதிவுக் காப்பகம். ஹார்ன்போஸ்டல் அதன் தலைவராகப் பல வருஷம் இருந்தார். 1904-லேயே, மெழுகு உருளையில் பதிவான இந்திய மெட்டுகளைப் பற்றி இன்னொருவருடன் சேர்ந்து அவர் கட்டுரை எழுதியிருக்கிறார். இந்தக் காப்பகத்தின் பழைய பதிவுகளை யுனெஸ்கோ 1999-ல் உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது.

சிற்பம் படித்தவரும் ரசாயனம் படித்தவரும் சேர்ந்து கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: ஒலி பிறக்கும்போது முதலில் அதிர்வது எது? யார் வாசிக்கிறார், எந்த மரம், எந்த தேசம் என்பதெல்லாம் பிறகு. பௌதிகம் படித்த நம் போன்றவர்களுக்கு இது எவ்வளவு தெளிவான கேள்வி என்று தெரியும். பதில் நான்கே விதமாகத்தான் வரும். பொருளே அதிரலாம், ஜால்ரா, ஜலதரங்கம் மாதிரி. இழுத்துக் கட்டிய தோல் அதிரலாம். இழுத்துக் கட்டிய தந்தி அதிரலாம். காற்றே அதிரலாம். இந்த நான்குக்கும் 1, 2, 3, 4 என்று எண் கொடுத்தார்கள். நூலகங்களில் புத்தகங்களுக்கு எண் போட டூயி என்பவர் தசம முறையை ஏற்கெனவே கொண்டு வந்திருந்தார். அதே முறையில், ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் இன்னோர் எண் சேர்த்துக் கிளை கிளையாகப் பிரித்துக்கொண்டே போனார்கள்.

நம் கச்சேரி மேடையையே எடுத்துக்கொள்ளுங்கள். மிருதங்கம் தோல், ஆகவே 2. அடித்து வாசிப்பது, 21. நேரடியாகக் கையால் அடிப்பது, 211. குழல் போன்ற கூடு உள்ளது, 211.2. மோர்சிங்கில் தந்தியும் இல்லை, தோலும் இல்லை. உலோக நாக்கே அதிர்கிறது. அதனால் 1. மீட்டுவதால் 12. சட்டத்துக்குள் நாக்கு இருப்பதால் 121. புல்லாங்குழலுக்கு 421, இரட்டைச் சீவாளி வைத்த நாகஸ்வரத்துக்கு 422.1. கடம் வாசிக்கிறவர் பானையின் வாயை வயிற்றில் அழுத்தி எடுக்கும் 'கும்' என்ற நாதத்தில் உள்ளே இருக்கும் காற்றுக்கும் பங்கு உண்டுதான். ஆனால் விரல் பட்டதும் முதலில் அதிர்வது மண். ஆகவே அது 1-ல் சேரும்.

எனக்கு மிகவும் ரஸமாகப் பட்டது வீணை. நாம் தஞ்சாவூர் வீணையையும் வடக்கே உள்ள ருத்ர வீணையையும் ஒரே பெயரால் சொல்கிறோம். இந்த முறைப்படி பார்த்தால் இரண்டும் வேறு வேறு கிளை. ருத்ர வீணையில் தந்தியைத் தாங்குவது ஒரு தண்டு. சுரைக்குடுக்கைகளைக் கழற்றிவிட்டாலும் தந்தியும் தண்டும் மிஞ்சும். ஒலி குறையும், அவ்வளவுதான். அதனால் அது 31. நம் வீணையிலோ குடமும் தண்டியும் பிரிக்க முடியாத ஒரே அங்கம். குடத்தை எடுத்தால் வாத்தியமே இல்லை. அதனால் அது 32. பெயரைப் பார்க்காமல் அமைப்பைப் பார்ப்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் உங்களில் பலருக்கு ஒன்று தோன்றியிருக்கும். 'இது நம் பரத முனிவர் சொன்னதாயிற்றே!' என்று. உண்மைதான். நாட்டிய சாஸ்திரம் 28-ஆவது அத்தியாயத்தில் வாத்தியங்களை ததம், அவநத்தம், கனம், சுஷிரம் என்று நான்காகப் பிரிக்கிறது. தந்தி, தோல், கெட்டிப் பொருள், துளை. தமிழிலும் நரம்பு, தோல், கஞ்சம், துளை என்ற பகுப்பு உண்டு; மிடற்றையும் சேர்த்து ஐந்தாகச் சொல்வதும் உண்டு.

இது ஐரோப்பாவுக்கு எப்படிப் போயிருக்கும்? நடுவில் ஒரு பாலம் இருக்கிறது. கல்கத்தாவில் சௌரீந்திர மோகன் தாகூர் என்ற சங்கீத அபிமானி இருந்தார். அவர் பெல்ஜியம் மன்னர் இரண்டாம் லியோபோல்டுக்கு சுமார் நூறு இந்திய வாத்தியங்களை அன்பளிப்பாக அனுப்பினார். அவை பிரஸ்ஸல்ஸ் வாத்திய அருங்காட்சியகத்தின் ஆரம்பச் சேகரிப்பில் ஒரு பெரும் பகுதியாயின. அதன் முதல் காப்பாளர் விக்டர் மஹியோன், 1880-ல் தம் அட்டவணையின் முதல் பாகத்தை வெளியிட்டபோது, வாத்தியங்களை இதே போல் நான்காகப் பிரித்தார். ஸாக்ஸும் ஹார்ன்போஸ்டலும் மஹியோனின் நான்கு பிரிவின்மேல்தான் தங்கள் மாளிகையைக் கட்டினார்கள்.

நமக்குப் பெருமைதான். ஆனால் பெருமையோடு நின்றுவிடக் கூடாது என்பது என் அபிப்பிராயம். நான்கு அறை போட்டவர் நம்மவர். அந்த நான்கு அறைக்குள் நூற்றுக்கணக்கான அலமாரி வைத்து, ஒவ்வொன்றுக்கும் எண் ஒட்டி, ஆப்பிரிக்காவின் சின்னஞ்சிறு கிலுகிலுப்பைக்கும் ஐரோப்பாவின் பெரிய ஆர்கனுக்கும் ஒரே மரியாதை கொடுத்து உள்ளே வைத்தவர்கள் அவர்கள். உயர்ந்த வாத்தியம், தாழ்ந்த வாத்தியம் என்ற பேச்சே அந்த அட்டவணையில் இல்லை. 1914-ஆம் வருஷத்து ஐரோப்பாவில் அது சாதாரண விஷயம் அல்ல.

ஸாக்ஸ் 1915-ல் இந்தியா, இந்தோனேசியா வாத்தியங்களைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். முதல் உலக யுத்தத்தில் ராணுவ சேவையும் செய்தார். 1919-ல் பெர்லினில் சர்க்கார் வாத்தியச் சேகரிப்பின் இயக்குநரானார், பேராசிரியரும் ஆனார். கண்ணாடிப் பெட்டிக்குள் ஊமையாக இருந்த பழைய வாத்தியங்களைப் பழுது பார்த்து, மறுபடியும் வாசிக்க வைத்தார். 1930-ல் இரண்டாயிரம் வருஷத்து இசையைக் காட்டும் கிராமஃபோன் இசைத்தட்டுத் தொகுப்பு ஒன்றும் வெளியிட்டார். 1932-ல் கெய்ரோவில் நடந்த அரபு இசை மாநாட்டுக்கு இவரும் ஹார்ன்போஸ்டலும் அழைக்கப்பட்டுப் போனார்கள்.

மறு வருஷம் எல்லாம் தலைகீழாயிற்று. 1933 ஜனவரியில் ஹிட்லர் பதவிக்கு வந்தார். ஏப்ரலில் ஒரு சட்டம். அதன் பெயர் என்ன தெரியுமா? அரசுப் பணியைச் சீர்படுத்தும் சட்டம்! யூதர்களை சர்க்கார் உத்தியோகத்திலிருந்து வெளியேற்றுவதற்கு வைத்த பெயர் அது. நானும் சர்வீஸ் விதிகளோடு வாழ்ந்தவன். உத்தரவின் தலைப்பு எவ்வளவு சாதுவாக இருந்தாலும் உள்ளே இருக்கும் ஷரத்து ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதை அறிவேன். அந்த வருஷம் ஸாக்ஸ் எல்லாப் பதவிகளையும் இழந்தார். அவர் ஆராய்ச்சியில் யாரும் குறை சொல்லவில்லை. பிறப்பு ஒன்றுதான் காரணம். தாயார் யூதர் என்பதற்காக ஹார்ன்போஸ்டலும் வெளியேற்றப்பட்டார். அவர் நியூயார்க் போய், அங்கிருந்து இங்கிலாந்து வந்து, 1935 நவம்பரில் கேம்பிரிட்ஜில் காலமானார். வயது 58.

ஸாக்ஸ் பாரிஸுக்குப் போனார். அங்கே மக்களியல் அருங்காட்சியகத்தில் வேலை செய்தார். பழைய இசையை வரிசையாக வெளியிட்ட ஓர் இசைத்தட்டுத் தொடருக்கு 1934 முதல் பொறுப்பேற்றார். 1937-ல் நியூயார்க் பல்கலைக்கழகம் அழைக்க, அமெரிக்கா சென்றார். அப்போது வயது 56. நம்மில் பலர் ஓய்வூதியக் கணக்குப் போடத் தொடங்கும் வயது. அவரோ வேறொரு பாஷையில் புதிதாக எழுத ஆரம்பித்தார். வாத்தியங்களின் சரித்திரம் 1940-ல். பழங்கால இசையின் தோற்றம் பற்றிய நூல் 1943-ல். இதில் இந்தியாவுக்குத் தனிப் பகுதி உண்டு. வேத கோஷத்தையும் ஆராய்கிறார். சொல்லிலிருந்து பிறக்கும் இசை, உணர்ச்சியிலிருந்து பிறக்கும் இசை என்று அவர் பிரித்துக் காட்டியதை, காலையில் வேத பாராயணமும் மாலையில் ஆலாபனையும் கேட்கிற நம்மால் சுலபமாகப் புரிந்துகொள்ள முடியும். 1953-ல் தாளத்தைப் பற்றிய நூல். சம பாகமாக வெட்டுகிற தாளம் ஒன்று, சமமில்லாத துண்டுகளைக் கூட்டுகிற தாளம் ஒன்று என்று அதில் இரண்டு வகை சொன்னார். 3-ஐயும் 4-ஐயும் சேர்த்து 7 எண்ணும் நம் மிச்ர சாபு இரண்டாவது வகைக்கு அச்சான உதாரணம்.

அவர் சொன்னதெல்லாம் நிலைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். 1929-ல் எழுதிய ஒரு பெரிய நூலில், உலக வாத்தியங்களை 23 கால அடுக்குகளாக வரிசைப்படுத்தினார். ஒரு வாத்தியம் எவ்வளவு தூரம் பரவி, மூலை முடுக்கெல்லாம் கிடைக்கிறதோ, அவ்வளவு பழையது என்பது அதன் அடிப்படை. பின்வந்தவர்கள் இதை ஏற்கவில்லை. ஒரே யோசனை இரண்டு ஊரில் தனித்தனியாகவும் தோன்றலாமே? ஆனால் வாத்தியப் பகுப்பு மட்டும் அசையவில்லை. மின்சார வாத்தியங்கள் வந்தபோது ஐந்தாவது வகுப்பையும் ஸாக்ஸே 1940-ல் சேர்த்தார். 1961-ல் மூலக் கட்டுரையின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. 2011-ல் ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் கூடி அதைத் திருத்திப் புதுப்பித்தன.

அவர் 1959 பிப்ரவரி 5 அன்று நியூயார்க்கில் காலமானார். வயது 77. கடைசிவரை கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். பெர்லினில் அவர் காத்த சேகரிப்பில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வாத்தியங்கள் இருந்தன. இரண்டாம் யுத்தம் முடிந்தபோது மிஞ்சியது சுமார் 700. வாத்தியங்கள் போய்விட்டன; அவற்றைப் பற்றி அவர் எழுதி வைத்தது இருக்கிறது. எழுதி வைப்பதன் அருமை இதுதான்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். நம்மில் எத்தனை வீடுகளில் பாட்டியின் வீணையோ பெரியப்பாவின் தம்பூராவோ பரணில் துணி சுற்றிக் கிடக்கிறது! ஊர் ஊராக மாற்றலாகிப் போன குடும்பங்கள் நாம். அந்த வாத்தியமும் நம்மோடு ரயிலேறி வந்தது. அது எந்த ஊரில் செய்தது, யார் வாங்கினார்கள், யார் வாசித்தார்கள், எந்த வருஷம் தந்தி மாற்றினார்கள் என்று அறிந்த பெரியவர்கள் இன்று வீட்டில் இருக்கிறார்கள். நாளை கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. ஒரு தாளில் நாலு வரி எழுதி, வாத்தியத்தின் உறைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். எண் போடத் தெரிய வேண்டாம். பெயரும் ஊரும் வருஷமும் போதும்.