ஓர் ஆறும் ஐந்தருவியும்



குற்றாலத்தில் சிற்றாறு மலையிறங்கும்போது முதலில் தேனருவி, அடுத்து செண்பகாதேவி அருவி, கீழே பேரருவி. மூன்றிலும் விழுவது அதே தண்ணீர்தான். மலையின் உயரத்தைத்தான் அவை பங்கிட்டுக்கொள்கின்றன. உயரத்தை வோல்ட்டாகவும் தண்ணீரை மின்னோட்டமாகவும் எண்ணிக்கொண்டால், மின்சாரத்தில் இதைத் தொடரிணைப்பு என்கிறோம். ஐந்தருவியிலோ ஒரே ஓடை ஐந்தாகப் பிரிந்து விழுகிறது. அங்கே பங்காவது தண்ணீர். இது பக்க இணைப்பு.

தென்காசிப் பக்கம் கோயில் கொடைக்குக் கட்டிய பழைய சீரியல் செட் தொடரிணைப்புதான். 6 வோல்ட் பல்புகள் சுமார் 38-ஐ வரிசையாகக் கோத்தால், 230 வோல்ட்டை அவை தங்களுக்குள் பிரித்துக்கொள்ளும். ஒரு பல்பு போனால் பாதை அறுந்துவிடும்; சரம் முழுவதும் அணைந்துவிடும்.

வீட்டில் இருப்பது பக்க இணைப்பு. ஒவ்வொரு விளக்குக்கும் மின்விசிறிக்கும் முழு 230 வோல்ட் கிடைக்கிறது. திண்ணை பல்பு போனாலும் அடுப்படியில் மிக்ஸி ஓடும்.

ஆனால் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. கருவிகளைக் கூட்டக் கூட்ட, அவை இழுக்கும் மின்னோட்டம் எல்லாம் சேர்ந்து ஒரே ஒயரில் பாயும், ஒயர் சூடாகும். அளவு மீறினால் பாதையைத் துண்டிக்கத்தான், மெயின் லைனில் ஃபியூஸைத் தொடரிணைப்பாக வைக்கிறார்கள். 1,500 வாட் ஹீட்டர் ஒன்றே ஆறரை ஆம்பியர் இழுக்கும்.

குற்றாலத்தில் சீசன் கடை போடுகிறவர்களே, வீட்டில் இருப்பவர்களே, ஒரே பிளக்கில் பல கருவிகளைச் செருகாதீர்கள். ஃபியூஸ் போனால் தடித்த கம்பியைச் சுற்றி ஒப்பேற்றாதீர்கள். ஃபியூஸ்தான் உங்கள் உயிரைக் காக்கும் காவல்.