இருமுறை உதித்த ஞாயிறு



இரண்டு விமான நிலையங்களுக்கு இடையேயுள்ள தூரம் தெரிந்தால், பிரயாண நேரமும் தெரிந்துவிடும் எனப் பலர் எண்ணுவர். தூரம் மாறுவதில்லை, காலமோ வேகத்தையும் காற்றையும் பொறுத்து மாறும். இவ்வுண்மைக்கு இலங்கையின் தென்கரையிலுள்ள கொக்கல ஏரி சான்று பகரும்.

1942ஆம் ஆண்டு பெப்ருவரியில் சிங்கப்பூர் யப்பானியர் வசமாயிற்று. அதனால் அவுஸ்திரேலியாவையும் இங்கிலாந்தையும் இணைத்த ஆகாயமார்க்கம் அறுந்தது. அதனை மீண்டும் இணைக்கும் பொருட்டு, 1943ஆம் ஆண்டில், குவாண்டாஸ் நிறுவனத்தின் கற்றலீனாக் கடல் விமானங்கள், பேர்த் நகரத்துச் சுவான் ஆற்றிலிருந்து கொக்கல ஏரிக்குப் பறக்கத் தொடங்கின.

நேர்வழித் தூரம் ஏறக்குறைய 5,650 கிலோமீற்றர். விமானத்தின் வேகமோ மணிக்கு 200 கிலோமீற்றர் அளவே. எனவே, காற்று இடையூறு செய்யாவிடினும் 28 மணித்தியாலம் வேண்டும். மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் எதிர்க்காற்று வீசுமாயின், முன்னேறும் வேகம் 175 ஆகக் குறையும். பிரயாண நேரமோ 32 மணித்தியாலத்தைத் தாண்டும். இடையில் எங்கும் இறங்காத விமானத்துக்கு அந்த நான்கு மணித்தியாலமும் உயிர்ப் பிரச்சினையாகும். அதற்குரிய எரிபொருளையும் புறப்படும்போதே சுமந்து செல்லல் வேண்டும்.

அச்சுமை காரணமாகவே மூன்று பிரயாணிகளுக்கு மேல் இடமளிக்க முடியவில்லை. அஞ்சற்பொதியின் நிறையும் எழுபது கிலோகிராமுக்குள் அடங்கிற்று. பகைவர் நடமாடிய கடற்பரப்பை இருளிலே கடக்குமாறு நேரம் வகுக்கப்பட்டது. பகைவர் அறிந்துவிடுவர் என அஞ்சி, வானொலிச் செய்தி அனுப்புவதும் தவிர்க்கப்பட்டது. விமானிகள் விண்மீன்களை நோக்கியே வழி கண்டனர். அவ்விமானங்களுக்கு விண்மீன்களின் பெயர்களே சூட்டப்பட்டமை மிகப் பொருத்தமே.

ஒரே பிரயாணத்தில் ஞாயிறு இருமுறை உதிப்பதைக் கண்டமையால், பிரயாணிகளுக்கு “இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்கம்” என்ற பெயரில் ஒரு சான்றிதழ் வழங்கப்பட்டது. 1945ஆம் ஆண்டு யூலை வரை 271 தடவை இக்கடல் கடக்கப்பட்டது. ஒரு விமானமேனும் வழியில் அழியவில்லை.

இன்றைய தாரை விமானம் மணிக்கு 900 கிலோமீற்றர் அளவில் பறக்கின்றது. அதே தூரத்தை அது ஆறேகால் மணித்தியாலத்தில் கடந்துவிடும். முற்கூறிய எதிர்க்காற்று அதற்கு ஏற்படுத்தும் தாமதமோ பதினொரு நிமிட அளவே. ஒரே காற்று, மெல்லச் செல்வோனிடம் நான்கு மணித்தியாலத்தையும், விரைந்து செல்வோனிடம் சில நிமிடங்களையும் வரியாக வாங்குகின்றது!

2018ஆம் ஆண்டு மார்ச்சில் பேர்த்திலிருந்து இலண்டனுக்கு இடைநில்லாத விமானசேவை ஆரம்பமாயிற்று. ஏறக்குறைய 14,500 கிலோமீற்றரை அது பதினேழு மணித்தியாலத்தில் கடந்தது. கொக்கல வழியைப்போல் இரண்டரை மடங்கு தூரம். ஆயினும் நேரமோ பாதியை அடுத்தது.

ஆகவே, மாணவர் தேசப்படத்தில் தூரத்தை அளந்ததும் நின்றுவிடாது, எவ்வகை விமானம், எத்துணைச் சுமை, எத்திசைக் காற்று என்பவற்றையும் வினவுதல் வேண்டும். அவ்வாறு வினவும்போதுதான், கொக்கல ஏரியில் வந்திறங்கியோர் கடந்த 5,650 கிலோமீற்றர் எத்துணை நெடியது என்பது புலனாகும்.