படுகளத்தில் கிடப்பவன்



'பேராசையால் கெட்ட நாடகத் தலைவன்' என்று எனக்குப் பேசத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கல்லூரியில் படித்தவர்களுக்கு மேக்பெத் ஞாபகம் வருவான். எனக்குத் துரியோதனன்தான். திரௌபதியம்மன் கோயில் திடலில், மண்ணால் பிடித்து, மல்லாக்கக் கிடத்தியிருப்பார்களே, அந்தத் துரியோதனன்.

நம் பக்கத்துக் கூத்தில் அவன் வரவைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். திரைக்குப் பின்னால் சலங்கை சத்தம் மட்டும் கேட்கும். கட்டியங்காரன் வம்பு பேசிக்கொண்டே நிற்பான். திரை விலகினால் கிரீடம், புஜக்கட்டை, மார்பதக்கம் என்று ஆளே தேர் மாதிரி இருப்பான். சின்னப் பிள்ளையில் நான் பீமனை அல்ல, அவனைத்தான் ரசித்தேன். ரசிக்கவும் காரணம் உண்டு. கர்ணனின் குலத்தைக் கேட்டுச் சபையே வாய் பொத்திச் சிரித்தபோது, அங்க நாட்டைத் தூக்கிக் கொடுத்தவன் அவன்தானே?

அப்பேர்ப்பட்டவன் எங்கே கெட்டான்? சூதாடித் துகிலுரிந்த 'பகடை துகில்' அன்று என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'கிருஷ்ணன் தூது' இரவில்தான் அவன் முழுசாகக் கெட்டுப்போனான். பாண்டவர்களுக்குப் பாதி ராஜ்யம் கேட்டால் இல்லை என்றான். ஐந்து ஊர் கேட்டால் இல்லை. சரி, ஐந்து வீடாவது கொடு என்றால் அதுவும் இல்லை! (வரப்புக்காகக் கோர்ட் ஏறியவர்கள் யாரும் இங்கே கோபித்துக்கொள்ள வேண்டாம்.) அவனுக்கு அந்த வீடுகளால் ஆகப்போவது ஒன்றுமில்லை. 'எனக்கு வேண்டும்' என்று தொடங்கிய ஆசை 'உனக்குக் கூடாது' என்பதில் வந்து நின்றது. மேக்பெத்தும் அதே வழிதான். மன்னன் டங்கனைக் குத்தும்போது கை நடுங்கியவன், மக்டஃபின் பெண்டாட்டி பிள்ளைகளைக் கொல்ல ஆள் அனுப்பும்போது நடுங்கவே இல்லை.

இவ்வளவும் எல்லாருக்கும் தெரிந்த கதை. எனக்குள்ள சங்கடம் வேறு. அது 2019இல் பிறந்த நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குள்ளேயே, உளுந்தூர்பேட்டைப் பக்கம், அர்ச்சுனன் மகன் அரவானுக்குத் திருவிழா எடுக்கும் கூவாகத்தில் இருக்கிறது.

போரில் ஜெயிக்கக் கொடுக்கும் களப்பலிக்கு நாள் கேட்டுத் துரியோதனன் போனது எதிரியான சகாதேவனிடம். அவனும் பொய் சொல்லாமல் அமாவாசை என்றான். பலியாக வருகிறேன் என்று அரவான் ஒப்புக்கொண்டதும் முதலில் துரியோதனனுக்குத்தான். பிறகு நடந்தது என்ன? கிருஷ்ணன் அமாவாசைக்கு முதல் நாளே தர்ப்பணத்துக்கு உட்கார்ந்தார். இது என்ன கூத்து என்று கேட்கச் சூரியனும் சந்திரனும் ஒன்றாக வந்து நின்றார்கள். அதுவே அமாவாசை ஆகிவிட்டது. வெற்றி வேண்டும் என்பதற்காக, அர்ச்சுனன் மகனின் தலையைப் பாண்டவர் பக்கமே வாங்கிக்கொண்டது.

மண்ணில் துரியோதனனைச் செய்து தொடையை உடைக்கிறோம். சரி, உடைப்போம். இந்தத் தலைக்கு எந்தத் திடலில் யார் உருவத்தைக் கிடத்துவது? நம் ஊர்க் கூத்து வாத்தியார் ஒருவரிடம் இதைக் கேட்டேன். முகத்து அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவர், "அதுக்குத்தான் சித்திரையில அங்க அழுவுறாங்களே" என்றார்.

கூவாகத்தில், ராத்திரி அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்ட திருநங்கைகள், விடிந்ததும் அதை அறுத்து, வளையலை உடைத்து, வெள்ளைச் சேலையில் உட்கார்ந்து அழுகிறார்கள். ஜெயித்தவர்கள் வீட்டுச் சாவுக்கு.