பசுவும் சுறாவும் சேர்ந்தால்

விடுமுறை வந்தால் பிள்ளைகள் கையில் ஒரு தாளைக் கொடுத்துவிடுகிறோம். கட்டங்களுக்குள் சிங்கம், கரடி, முயல் என்று பெயர்கள் ஒளிந்திருக்கும். பக்கத்தில் வண்ணம் தீட்ட ஒரு யானை. பிள்ளை சட்டென்று முடித்துவிட்டு எழுந்துவிடும். யானையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காது.

இதைவிட நல்ல விளையாட்டு ஒன்றை நூறு வருஷத்துக்கு முன்பே கொல்கத்தாவில் ஒருவர் செய்துவைத்தார். பெயர் சுகுமார் ராய். சத்யஜித் ராயின் தந்தை. சுகுமாரின் அப்பா உபேந்திரகிஷோர் 1913இல் ‘சந்தேஷ்’ என்ற சிறுவர் இதழைத் தொடங்கினார். படங்களைத் தெளிவாக அச்சிடுவதில் அவர் பெரிய நிபுணர். மகனும் 1911இல் இங்கிலாந்து போய் அச்சுக்கலை படித்துத் திரும்பியவர். எழுத்து, படம், அச்சு மூன்றும் ஒரே வீட்டில் இருந்தன.

சுகுமார் இரண்டிரண்டு விலங்குகளை ஒட்டவைத்தார். வங்காளியில் யானை ‘ஹாத்தி’, திமிங்கலம் ‘திமி’. இரண்டும் சேர்ந்து ‘ஹாத்திமி’. கொக்கு ‘பொக்’, ஆமை ‘கொச்சப்’, சேர்ந்தால் ‘பொகொச்சப்’. முதல் பெயர் முடியும் ஓசையில் அடுத்த பெயர் தொடங்க வேண்டும், அவ்வளவுதான் சூத்திரம். படங்களையும் அவரே கோட்டோவியமாக வரைந்தார். இவை இடம்பெற்ற ‘ஆபோல் தாபோல்’ புத்தகம் 1923 செப்டம்பரில் வெளிவந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. சில நாள் முன்புதான் காலமானார். வயது முப்பத்தைந்து.

தமிழில் இது வருமா? தாராளமாக வரும். பசுவும் சுறாவும் சேர்ந்தால் பசுறா. கழுகும் குதிரையும் கழுகுதிரை. பாம்பும் புலியும் பாம்புலி. இங்கே ஓசை கொஞ்சம் மாறுகிறது, எழுத்து ஒன்றுதானே, விட்டுவிடலாம்.

பெயர் கிடைத்ததும் பிள்ளையே படம் வரையட்டும். அப்போதுதான் வேடிக்கை. பசுறா புல் மேயுமா, மீன் தின்னுமா? மூச்சு விடுவது செவுளாலா, மூக்காலா? பாம்புலிக்கு வரி போடுவதா, செதில் போடுவதா? வண்ணப்பெட்டியைத் திறக்கும் முன்பே உண்மையான புலியையும் பாம்பையும் நன்றாகப் பார்த்தாக வேண்டும். அச்சிட்ட யானைக்குள் சாம்பல் நிறம் நிரப்புவதில் இந்தத் தொல்லை கிடையாது. அதனால்தான் எனக்கு அது பிடிப்பதில்லை.

கடைசியாக உங்களுக்கும் ஒரு புதிர். காக்காவோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு பெரிய மிருகம், மேற்கு வங்கத்தின் ஜல்தாபாரா காட்டில் வாழ்கிறது. விடை கண்டவர்கள் படமும் வரையுங்கள். அங்கே இருக்கும் இனத்துக்குக் கொம்பு ஒன்றுதான்.