வட்டக்கோட்டைக் கடலும் நீண்ட ஷட்டரும்

கன்னியாகுமரியிலிருந்து வடகிழக்கே சுமார் 6 கிலோமீட்டரில், கடலோரம் நிற்கிறது வட்டக்கோட்டை. 1741 குளச்சல் போரில் தோற்று, பின் திருவிதாங்கூர்ப் படையையே நடத்திய டச்சுத் தளபதி டிலனாய், மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில் வலுப்படுத்திய கருங்கல் கோட்டை இது. சுவரில் பாண்டியரின் மீன் சின்னமும் உண்டு. அசையாத கல்லும் ஓயாத அலையும் அருகருகே இருப்பதால், 'லாங் எக்ஸ்போஷர்' எனப்படும் நீண்ட நேரப் படப்பிடிப்புக்கு இதைவிடப் பொருத்தமான இடம் குமரிக் கடற்கரையில் குறைவு.

ஷட்டர் திறந்திருக்கும் நேரம் கூடக் கூட, நிற்பது கூர்மையாகப் பதியும்; நகர்வது கரையும். கோட்டைக்குள் பகலில்தான் அனுமதி. பகல் வெளிச்சத்தில் ஷட்டரை அவ்வளவு நேரம் திறந்து வைத்தால் படம் வெளுத்துவிடும். அதனால் லென்ஸின் முன் கருங்கண்ணாடி போன்ற என்.டி. ஃபில்டர் மாட்டப்படுகிறது. பத்து ஸ்டாப் ஃபில்டர் வெளிச்சத்தை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காக்கும். நொடியில் 125இல் ஒரு பங்கு போதுமான காட்சிக்கு அப்போது 8 நொடி தேவைப்படும். ஃபில்டர் மாட்டியபின் வ்யூஃபைண்டரில் இருட்டுதான். ஃபோகஸை முன்பே சரிசெய்து பூட்டிவிட வேண்டும்.

கீழே மணலில் வேறொரு தொல்லை. அலை திரும்பும்போது காலடி மணலை அரித்துக்கொண்டு போகும். ட்ரைபாடின் ஒரு கால் மெல்லப் புதையும், படம் முழுக்கக் கலங்கும். முதல் அலையிலேயே கால்களை அழுத்திப் புதைத்துவிடுவது நல்லது. கொத்தளத்தின் மேல் காற்று பலம். கேமரா பையை ட்ரைபாடின் நடுத்தண்டில் தொங்கவிட்டால் ஆட்டம் அடங்கும். உப்புத் துளிகளை ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் துடைக்காமல் முடியாது.

அசையாததும் ஓயாததும் இப்படி அருகருகே நிற்கும் இன்னோர் இடம் ஜப்பானில் உண்டு. அங்கே, இட்சுகுஷிமா ஆலயத்தின் முன் கடல்நீரில் நிற்கும் தோரி வாயில் 1875இல் எழுப்பப்பட்டது. உயரம் சுமார் 16 மீட்டர். ஆங்கிலேயரான மைக்கேல் கென்னா, ஜப்பானியக் கடற்கரைகளையும் தோரிகளையும் நீண்ட நேரம் பதிவுசெய்து, நீரைப் பனிபோலாக்கினார். பாறையிலும் கடலிலும் தெய்வத்தைக் காண்பது ஷின்டோ மரபு. குமரிக்கு அது அந்நியமில்லை. தவமிருந்த குமரி அம்மனின் பாதச்சுவடு கடல் நடுவே ஸ்ரீபாதப் பாறையில் பதிந்திருப்பதாக இங்கே நம்பிக்கை.

ஆனால் கென்னாவின் பாணியை அப்படியே குமரியில் பக்தர்கள் நீராடும் முக்கடல் சங்கமத்துக்குக் கொண்டுவருவது சரியல்ல. இரண்டு நிமிடம் திறந்த ஷட்டரில் நீராடுபவர்கள் காணாமல் போவார்கள். படகுகள் வெறும் கோடாகும். பக்தர் இல்லாத சங்கமம் சங்கமமே அல்ல. அரை நொடி முதல் இரண்டு நொடிவரை போதும். திரும்பும் அலை கரும்பாறை மேல் வெள்ளை நூல் நூலாக வழியும். கடலின் வேகமும் தெரியும், நிற்கும் மனிதரின் உருவமும் ஓரளவு தங்கும்.

வட்டக்கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. ட்ரைபாட் நிறுத்த முன் அனுமதி தேவை. குமரியின் பகவதி அம்மன் கோயிலுக்குள் படமெடுக்கத் தடை. கேமராவோடு வருபவர்கள் இவ்விரண்டையும் மதித்து நடக்க வேண்டும்.